சூடு என்று நினைத்தோம்

என் கணவர் கழிவறைக்குள் போனால் முதலில் குழாயைத் திறந்துவிடுவார். கதவைச் சாத்திய கையோடு வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அது நிற்கப் பத்து நிமிடம் ஆகும், சில நாள் கால் மணித்தியாலமும் ஆகும். உள்ளே கிணறு வெட்டுகிறாரோ என்று குசினியிலிருந்து நான் குரல் கொடுப்பேன். அந்தச் சத்தம் எதை மறைக்கிறது என்று எனக்கு மூன்று வருடம் விளங்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான்.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறு வாங்கும் படகில் வேலை செய்தவர். கப்பல் உள்ளே வரும்போது அதன் தடித்த கயிற்றைப் படகில் வாங்கிக் கொண்டுபோய் மிதவையில் மாட்ட வேண்டும். கப்பல் சொன்ன நேரத்துக்கு வராது. அதுவரை நடுக்கடலில், கூரையில்லாத படகில், வெயிலைக் குடித்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் படகுக்காரர் எல்லாருக்கும் சலக்கடுப்பு வரும், சிறுநீர் எரிந்து எரிந்து சொட்டும். எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்: சூடு பிடித்துவிட்டது, பார்லி அவித்துக் குடி, செவ்விளநீர் குடி, தொப்புளில் நல்லெண்ணெய் வை. அந்த வயதில், அந்த வெயிலில், அது சரியாகவே வேலை செய்தது. அவர் ஓய்வு பெற்று ஏழு வருடமான பிறகும் எங்கள் வீட்டில் அந்த வைத்தியம் ஓய்வு பெறவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்முன்னேதான் நடந்திருக்கிறது. மாதா கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்து பூசை காண்கிற மனிதர், பக்கக் கதவோரம் கடைசி வாங்குக்குப் போனார். ஞாயிறு காலையில் பூசைக்கு முன் தேத்தண்ணி வேண்டாம் என்றார். கூட வேலை செய்த கிண்ணியா நண்பரின் மகளுக்குக் கலியாணம். பாலத்தால் பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம்? வயிறு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். "பொம்பிளை பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி ஏன் இவ்வளவு யோசனை?" என்று கேட்டேன்.

ஒருநாள் அவருடைய சாரத்தின் முன்பக்கம் ஈரமாக இருந்ததைக் கண்டேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "பேத்திக்கு வாங்கின நப்பி மிச்சம் கிடக்கு. எடுத்துத் தரட்டோ?" என்றேன். அவரும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து தன் சாரத்தைத் தானே துவைக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

போன மார்கழியில் மழை விடாமல் அடித்தது. அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. நான்தான் பாமசியில் தடிமன் குளிசை வாங்கி வந்தேன். இரவு ஒன்று, விடிய ஒன்று போட்டார். மூக்குத் திறந்தது. காலை ஒன்பது மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டது. ஒன்பதரைக்கும் கேட்டது. கதவைத் தட்டினேன். வெளியே வந்தவரின் நெற்றியெல்லாம் வியர்வை. மழைக் குளிரில் வியர்வை.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?"

"அடிவயிறு கடுக்குது. சலம் போகுதில்லை." சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சூடு போல கிடக்கு."

மழை கொட்டுகிற மாதத்தில் என்ன சூடு என்று நானாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பார்லி அவித்தேன். நாலு கிளாஸ் குடித்தார். ஐந்தாவது வேண்டாம் என்று கையால் தடுத்தார். சின்னப்பிள்ளையைப் போல் அடம்பிடிக்காதீர்கள் என்று பருக்கினேன். பிறகு இரண்டு செவ்விளநீர். அவர் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பினார், நிற்க முடியாமல் இருந்தார். மத்தியானம் கட்டிலில் கிடத்தி, தொப்புளில் நல்லெண்ணெய் வைத்துக் கையால் கீழ்நோக்கித் தடவினேன்.

கை அங்கேயே நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே ஏதோ உருண்டு திரண்டு கல்லாக இருந்தது. நான் மூன்று பிள்ளை பெற்றவள். ஆறு மாத வயிறு கையில் எப்படிப் படும் என்று எனக்குத் தெரியும். அதே வயிறு எழுபது வயது ஆணுக்கு இருந்தது. அதன் மேல் கை பட்டபோது அவர் போட்ட சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனோம். வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை இறுக்கினார். ஓட்டோக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கவேயில்லை.

வார்ட்டில் இருந்தவர் இளம் டொக்டர். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். நான் நல்ல பிள்ளையாக ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மா, இது சூடில்லை. வாசல் பூட்டிக் கிடக்குது. நீங்கள் உள்ளுக்கு ஊத்திக்கொண்டே இருந்திருக்கிறீங்கள்."

சலம் வரும் வழியால் மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றினார்கள். கட்டிலில் தொங்கிய பை நிறைந்தது. தாதி அதை வெறுமையாக்கி மாட்டினார். அது மறுபடி நிறையத் தொடங்கியது. ஒன்றரை லீற்றருக்கும் மேலே என்று தாதி டொக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சந்தோஷமான செய்தி என்று நினைத்தேன். டொக்டரின் முகம் அப்படி இருக்கவில்லை.

சலப்பைக்குக் கீழே ஆண்களுக்குப் புரஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயது போகப் போக அது பருத்து, சலம் வரும் வழியை நெரிக்கும். அநேகமான ஆண்களுக்கு வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். தடிமன் குளிசை அந்த வழியை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிதாக ஒரு சலப்பை ஒரே நாளில் விரியாது. நெடுநாளாக முழுவதும் வெளியேறாமல் தேங்கி, சிறுநீரகம் வரைக்கும் மேலே தள்ளியிருக்கிறது. இரத்தத்தில் அது தெரிகிறது என்றார்.

அன்று பின்னேரம் வலி அடங்கிக் கிடந்தவரிடம் கேட்டேன்.

"எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"மூண்டு வருசம் இருக்கும். சொட்டுச் சொட்டாப் போறது உனக்குக் கேக்கக் கூடாதெண்டுதான் குழாயைத் திறந்துவிடுறது."

"என்னட்டச் சொல்ல ஏலாதோ?"

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெக்கமாக் கிடந்தது. நீ பகிடி பண்ணுவாய்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பதைப் போலச் சொன்னார். நான் வெளியே வராந்தாவுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

குழாயோடு சில கிழமை இருந்தார். குளிசை தந்து குழாயை எடுத்துப் பார்த்தார்கள், திரும்ப அடைத்துக்கொண்டது. பிறகு வெளியே வெட்டாமல், சலம் வரும் வழியாலேயே உள்ளே போய் அந்தப் பருத்த சுரப்பியைச் செதுக்கி எடுத்தார்கள். செதுக்கியதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது புற்றுநோயோ என்று தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. இல்லை என்று வந்தது.

இப்போது சலம் நன்றாகப் போகிறது. பகலில் அளவாகத் தண்ணீர் குடிக்கிறார், பொழுது பட்டால் தேத்தண்ணி இல்லை. ஒருதரம் போய்விட்டு, சற்று நின்று இன்னொருதரம் முயல்கிறார். பாமசியில் எதை வாங்கினாலும் புரஸ்டேட் உள்ள ஆளுக்கு என்று நான் உரத்த குரலில் சொல்கிறேன். அவர் காது சிவக்கிறது. சிவக்கட்டும்.

ஆனால் சிறுநீரகம் சொன்னபடி கேட்கவில்லை. இரத்தத்தில் பார்க்கும் கணக்கு முதலில் இறங்கியது, பாதி வழியில் நின்றது, போன மாதம் மறுபடி கொஞ்சம் ஏறியது. இன்னும் ஏறினால் மெஷினில் இரத்தம் சுத்திகரிப்பது பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவர்தான் கேட்டார்.

"டொக்டர், நான் முதல் வருசமே வந்திருந்தா?"

டொக்டர் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அநேகமா குளிசையோட முடிஞ்சிருக்கும், ஐயா. படுக்க முதல் ஒண்டு."

அவர் தலையாட்டினார். என் பக்கம் திரும்புவார் என்று பயந்துகொண்டிருந்தேன். திரும்பவில்லை. கிளினிக் கொப்பியை வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, "வா, போவம்" என்றார். அடுத்த இரத்தப் பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை.