பதினான்காவது பிள்ளையின் நெற்றி

பதினான்கு மண் உருவங்கள் இருந்த பெட்டியின் மேல் 'தோட்ட அலங்காரப் பொருள்' என்று ஒட்டி அனுப்பியிருந்தான் ஒரு புண்ணியவான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

துபாய் ஜெபல் அலியில், பணக்காரர்கள் வாங்கும் ஓவியங்களையும் சிலைகளையும் பத்திரமாக வைத்திருக்கும் கிடங்கு ஒன்றில் நான் பேக்கிங் போர்மேன். இருபது வருஷமாக அடுத்தவன் பொருளைப் பஞ்சில் சுற்றுவதுதான் பிழைப்பு. எந்தப் பொருள் வந்தாலும் முதலில் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்து, எங்கே விரிசல், எங்கே மூளி, எங்கே கறை என்று ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து ஒட்ட வேண்டும். கண்டிஷன் ரிப்போர்ட் என்போம். நாளைக்கு எவனாவது 'நீங்கள்தான் உடைத்தீர்கள்' என்று வந்தால் அந்தத் தாள்தான் எங்களுக்குக் கவசம்.

அன்றும் அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு சாண் உயரம். தடித்த கழுத்து, பிதுங்கிய கண், ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் திறந்த வாய். ஒன்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு முகம். எல்லாவற்றுக்கும் உச்சந்தலையில் சுண்டுவிரல் நுழையும் துளை. பதினான்காவது மட்டும் கொஞ்சம் சின்னது, முகத்தில் ஒரு பிடிவாதம். என் மகள் மூன்று வயதில் சோறு வேண்டாம் என்று நிற்பாளே, அதே முகம். 'கறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் போர்க்லிப்ட் ஓட்டுநர் கானா நாட்டுக்காரர், அந்த நாட்டின் வடக்குப் பக்கம். ஆறு வருஷப் பழக்கம். எங்களுக்குள் பேச்செல்லாம் சைட்டில் கற்ற உடைந்த இந்திதான்; அண்ணன் என்பதற்கு என்னை 'பாய்' என்பார். அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாய், இவங்க பழைய காலத்துப் பிள்ளைங்க" என்றார். "எங்க ஊர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினா கிடைப்பாங்க. யாரு செஞ்சாங்கன்னு எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு முந்தி அங்க இருந்தவங்க."

"தலையில என்ன ஓட்டை?"

"தண்ணி, மருந்து ஊத்தறதுக்குன்னு படிச்சவங்க சொல்றாங்க. நோயாளிக்காக ஊத்துவாங்களாம். எங்க வயல்ல ஒண்ணு கிடைச்சா நாங்க சட்டுனு தொட மாட்டோம். முதல்ல கேப்போம்."

"யாரைக் கேப்பீங்க?"

"அதையேதான்" என்று பொம்மையைக் காட்டினார்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். மண்ணில் செய்த பிள்ளையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மகள் பிறந்தபோது, அய்யனார் கோயிலில் மண் பிள்ளை ஒன்றை நேர்ந்தபடி கொண்டுபோய் வைத்தவர்கள் நானும் என் மனைவியும். அது மழையில் கரைந்தாலும் சரி, வெயிலில் வெடித்தாலும் சரி, அங்கேயேதான் கிடக்க வேண்டும். அவரிடம் அதைச் சொன்னேன்.

"யாராவது எடுத்துட்டுப் போனா?"

"கையை முறிச்சிடுவோம்!"

அவர் சிரித்தார். "பாருங்க, எங்களோடதை எடுத்தவன் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வாரம் ஆயுத பூஜை. கிடங்கில் சூடம் கொளுத்தினால் ஸ்மோக் அலாரம் அலறும் என்பதால் எங்களுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பொரி மட்டும்தான். மேனேஜர் வடநாட்டுக்காரர், கண்டுகொள்ள மாட்டார். டேப் மிஷினுக்குப் பொட்டு, ட்ரில்லுக்குப் பொட்டு, ஏணிக்குப் பொட்டு, போர்க்லிப்டுக்கு நெற்றி எதுவென்று தேடி அதற்கும் ஒரு பொட்டு. கானாக்காரர் அன்று துறைமுகத்தில் டியூட்டி. ஆனாலும் வருஷா வருஷம், "என் வண்டிக்குப் பெரிசா வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

பஞ்சுக்கு அளவெடுக்க வெளியே எடுத்திருந்த பதினான்காவது பிள்ளை மேஜையில் நின்றது. முகம் என்று ஒன்று இருந்தால் வெறும் நெற்றியாக விடக் கூடாது என்று வளர்ந்த கை. யோசிக்கவே இல்லை. வைத்துவிட்டேன்.

அட அறிவு கெட்டவனே! சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும் என்பது உனக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் சந்தனம் உதிர்ந்திருந்தது, குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கப் பார்த்தேன். பரவி, விரிசலுக்குள் ஓடி, இன்னும் அசிங்கமானது. உடனே ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். பிள்ளையைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

பொருளுக்குச் சொந்தக்கார வியாபாரி ஐரோப்பாவிலிருந்து வந்தார். போட்டோவைப் பார்த்து மொத்தமாக வாங்கியவர், பெட்டியைக்கூட அதுவரை திறந்து பார்த்ததில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு பதினான்காவது பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நின்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ரத்தம்" என்றார். "பலி கொடுத்த ரத்தம். இது மிக அபூர்வம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அரைமணி நேரத்தில் அந்த மனிதர் ஒரு புராணமே கட்டிவிட்டார். நரபலியாம், நள்ளிரவு மந்திரமாம். அதெல்லாம் அவருடைய புத்தகத்தில் அச்சாகப் போகிறதாம். அது போதாதென்று, "இங்கே ஆப்பிரிக்க ஊழியர் யாராவது உண்டா?" என்று கேட்டார். கானாக்காரரை வரவழைத்து, மறுநாள் வாங்க வருகிறவர்கள் முன்னால் பொம்மையைப் பிடித்துக்கொண்டு, 'என் முன்னோர் இதற்கு ரத்தம் கொடுத்தார்கள்' என்று சொல்லச் சொன்னார்.

"இல்ல சார். தண்ணி" என்றார் கானாக்காரர். "குளிர்ந்த தண்ணி. ரத்தம்னு நான் சொல்ல மாட்டேன்."

வியாபாரி போனபிறகு மேனேஜர் அவரை ஓரம் கட்டினார். அடுத்த மாசம் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. "நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்லு. சொல்லலேன்னா கலாஸ், ரினிவல் மாஃபி" என்றார். கதை முடிந்தது, புதுப்பிப்பு கிடையாது; அவ்வளவுதான். ஒரு மனிதனின் சோற்றில் மண் அள்ளிப் போட அவருக்கு அந்த இரண்டு அரபு வார்த்தை போதுமாக இருந்தது.

மாலையில் மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மனுசன் பொழப்பு போகப் போவுது, நீங்க வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நின்னீங்களா?" என்றாள். "நாம வச்ச புள்ளைய எவனாச்சும் தூக்கிட்டுப் போயி, ரத்தம் குடிச்ச புள்ளைன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

மறுநாள் பத்து மணிக்கு நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கானாக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார். மேனேஜர் கண்ணாலேயே அதட்டினார். நான் என் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டேன். வந்த அன்று எடுத்த போட்டோ, 'கறை இல்லை' என்ற என் கையெழுத்து. பக்கத்தில் குங்குமச் சிமிழ்.

"சார், இது ரத்தம் இல்ல. தேரா கடையில வாங்கின குங்குமம். வச்சவன் நான். பூஜை அன்னிக்கு வச்சேன்."

"பஸ், சுப்!" என்று இந்தியில் என் வாயை அடக்கப் பார்த்தார் மேனேஜர்.

நான் அடங்கவில்லை. விரலை நனைத்துக் குங்குமத்தைத் தொட்டு, அந்த வெள்ளைத் தாளில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். "பாருங்க! இது எவன் கழுத்தை அறுத்து வந்த ரத்தம்?" என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன். ஆனாலும் கோட்டுக்காரர்கள் தாளைப் பார்த்தார்கள், பொம்மையைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

மற்ற பதிமூன்றும் அன்றே விலை பேசப்பட்டுவிட்டன. எடுக்கக் கூடாத இடத்திலிருந்து எடுத்துவந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினான்காவது மட்டும் 'கெட்டுப்போன சரக்கு' என்று நின்றுவிட்டது. சாட்சிக்கு ஆள் தேவைப்படாததால் கானாக்காரரின் கான்ட்ராக்ட் தப்பித்தது. என்னை டயர் கன்டெய்னர் இறக்கும் ஷெட்டுக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முன் கடைசி வேலையாகப் பதினான்காவது பிள்ளையைக் கட்ட வேண்டியிருந்தது. கானாக்காரர் வந்தார். கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதற்குப் பொய், எதிர்பார்க்கத்தான் செய்தேன்.

"நீங்கதான் வச்சீங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும் பாய்" என்றார். "என் வண்டியிலயும் அதே சிவப்புதான இருந்துச்சு? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மேனேஜர் மிரட்டியபோது என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் அன்றே தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"அந்த ஆளு கேக்காம ரத்தம்னு எழுதினான். நீங்க கேக்காம பொட்டு வச்சீங்க. அந்தப் பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சுருக்கென்றது. "யாரோட யாரைச் சேக்கறீங்க? நான் சாமியா நெனச்சு வச்சேன்!" என்று பாய்ந்தேன்.

"உங்க சாமியா நெனச்சீங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டி மூடியை அறைந்து மூடிவிட்டுப் போயிருப்பேன். போகவில்லை. எங்கள் அய்யனார் முன்னால் வைத்த பிள்ளைக்கு ஒருவன் வந்து தன் சாமியின் குறியை இட்டிருந்தால் அவன் கையை நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே ஊத்துங்க. கேட்டுட்டு."

அந்தச் சின்ன முகத்துக்கு முன்னால் குனிந்தேன். "ஊத்தட்டுமா தாயி?" என்று கேட்டேன். மகளைக் கெஞ்சும்போது வருகிற அதே குரல்தான் வந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் துளையில் நாலு சொட்டு விட்டேன். மண் உறிஞ்சிக்கொண்டது. ஈரம் உள்ளிருந்து நெற்றிக்கு வந்தது. மங்கிக் கிடந்த என் குங்குமம் இப்போதுதான் வைத்ததுபோல் சிவந்து நின்றது. அது இனி போகாது.

ரிப்போர்ட்டை இழுத்து 'கறை இல்லை' என்பதை அடித்தேன். 'நெற்றியில் குங்குமக் கறை. கேட்காமல் வைத்தது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.