சின்னவளுக்கு மலை காட்டப் போனது

பள்ளியில் மலை வரையச் சொன்னபோது என் சின்ன மகள் தேவ்னார் குப்பைமேட்டை வரைந்திருந்தாள். மேலே வட்டமிடும் பருந்துகள், அடியில் வரிசையாக லாரிகள். அவளுக்கு ஒன்பது வயது. செம்பூரில் எங்கள் மாடிப்படி சன்னலிலிருந்து தெரியும் உயரம் அது ஒன்றுதான். மழை விட்டதும் இரண்டு பெண்களையும் சஹ்யாத்ரி மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அன்றே டைரியில் எழுதினேன்.

ஏற்கெனவே போய்வந்த அலுவலகத் தோழியிடம் வழியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று, லோக்கல் ரயில் ஸ்டேஷன்களைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அடிவாரக் கிராமம், ஓடை, இரட்டைப் பாறை, காவிக்கொடி, கணவாய்.

"ஃபாஸ்ட்டா, ஸ்லோவாம்மா?" என்று, லோக்கல் வண்டியைக் கேட்பதுபோல் பெரியவள் கேலி செய்தாள். அவளுக்குப் பதின்மூன்று. சின்னவள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கணவருக்கு அன்று வேலை. நாங்கள் மூவர் மட்டும் கசாரா லோக்கலில் போய் இறங்கி, ஷேர் ஜீப்பில் அடிவாரம் சேர்ந்தோம். மணி எட்டு பத்து. ஓடைவரை நல்ல வெயில். இரட்டைப் பாறைக்கு வந்தபோது மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று சின்னவள் நின்றாள்.

"கட்டிட்டு வா, மெதுவாத்தான் போறோம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது பின்னால் அவள் இல்லை. மணி பத்து இருபத்தைந்து.

கூப்பிட்டோம். எங்கோ விழும் தண்ணீரின் இரைச்சல்தான் கேட்டது. இறங்கி ஓடினோம். பாறையருகே அவள் இல்லை. பாதை அங்கே ஒரு புதரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மேலே சேர்வதை அப்போதுதான் கவனித்தேன். மற்றக் கிளையில் அவள் எங்களைக் கடந்து மேலே போயிருக்கலாம் என்று யோசிக்கவில்லை. ஓடைவரை கத்திக்கொண்டே இறங்கினேன். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், யாரும் கீழே வரவில்லை என்று மராத்தியில் சொன்னாள். நான் நம்பாமல் கிராமத்தை நோக்கி ஓடினேன். பெரியவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நில்லும்மா. அவ கீழ வரமாட்டா."

"பேசாம வாட்டி. அந்தப் பொம்பள பாத்திருக்க மாட்டா."

"நீதானம்மா சொல்லிக்குடுத்த. ட்ரெயின்ல விட்டுப்போச்சுன்னா, பின்னாலயே அடுத்த ஸ்டேஷனுக்கு வந்துரணும்னு. அவ அங்கதான் போயிருப்பா."

ஒருமுறை குர்லா நெரிசலில் பெரியவளைப் பிளாட்பாரத்தில் விட்டு வண்டி கிளம்பிய பிறகு எங்கள் வீட்டில் ஏற்பட்ட சட்டம் அது. ஏறியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் அங்கே வர வேண்டும். சின்னவளைப் பலமுறை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்.

இரட்டைப் பாறைக்கு அடுத்தது காவிக்கொடி. கொடி மலையின் விளிம்பில் நிற்கிறது, பிள்ளைகள் கையை விடாதே என்று தோழி சொல்லியிருந்தாள். அதை என் டைரியில் மட்டும் எழுதிக்கொண்டேன். பயந்துவிடுவார்கள் என்று அவர்கள் தாளில் எழுதவில்லை.

ஏற நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு முறை விழுந்தேன். குலசாமிக்கு என்னவோ நேர்ந்துகொண்டேன். என்ன என்பது இன்றுவரை நினைவில் இல்லை. அவள் அங்கே இல்லாவிட்டால் பெரியவளிடம் என்ன சொல்வது, வீட்டுக்கு எப்படிப் போவது என்பதற்கு மேல் மனம் ஓடவில்லை.

முதலில் துணி படபடக்கும் சத்தம் கேட்டது. பிறகு கம்பம். அதற்கு அந்தப் பக்கம் அவள். எங்களைப் பார்த்ததும் ஓடிவரக் காலை எடுத்தாள்.

"அசையாத" என்றேன். உப்பு எடுத்து வா என்று சொல்கிற குரலில் சொன்னேன். "கம்பத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. நான் வாரேன்."

"எவ்ளோ நேரமா நிக்கேன் தெரியுமா? ஏம்மா இவ்ளோ லேட்டு?"

போய் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் குதிகாலுக்கும் விளிம்புக்கும் இடையே இருந்தது என் கையால் ஒரு சாண்தான்.

அவளை இந்தப் பக்கம் இழுத்த பிறகு மேகம் விலகியது. எதிரே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவள் திரும்பி, தான் நின்ற இடத்தையும் அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இறங்கும் வழியில் பாதி தூரம் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாள். எதற்கென்று திட்டுவது? சொன்னதைச் செய்த பிள்ளை.

இந்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் பூனா போனோம். கர்ஜத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும், சன்னலோரம் இருந்த சின்னவள் எழுந்து என் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஷட்டர இறக்கிரும்மா."

எதிர் சீட்டில் ஒரு குடும்பம் அருவி பார்க்கக் காத்திருந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறக்கினேன்.