கட்டருக்குப் பின்னால் ஒரு கோடு

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் சுவரை வெட்டிக் கதவு வைக்க, கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டர் மெஷினோடு ஒருவர் வந்தார். புருவமெல்லாம் சிமெந்துத் தூசி, கண்ணில் மட்டும் சிரிப்பு. வெட்டுவதற்கு முன், சுழலும் தகட்டுக்கு நேர் பின்னால் தரையில் சோக்கால் கோடு போட்டார். தான் அதிலிருந்து விலகி நின்றார்.

பிளேன்டிக் கோப்பையோடு போன நான் கோட்டிலேயே நின்றேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

“கோட்டுல நிக்காதீங்க அக்கா. தகடு இறுகினா மெஷின் அங்கதான் உதைக்கும்.”

“என்ட வீட்டில நான் எங்க நிக்கிறதெண்டு நீர் சொல்றீரோ?” என்று முறைத்துக்கொண்டே விலகினேன்.

மறுபடி வெட்டினார். தகடு சுவருக்குள் இறுகியது. அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தும், மெஷின் நான் முன்பு நின்ற கோட்டின் பக்கமாகவே துள்ளியது. அதை நிறுத்திவிட்டு, சிரித்தபடி பிளேன்டிக்குக் கை நீட்டினார்.

கோட்டை அன்றே துடைத்துவிட்டேன். இன்றும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறேன்.