தோல்வார் இல்லாத கால்கள்

என் மனைவியின் அண்ணன் துருஸ்பெக்குக்கு நான் எண்பதாயிரம் சோம் கடன்பட்டிருந்தேன். அவர் தன் குதிரையை விற்றுக் கொடுத்த பணம் அது. அதைக் கொண்டுபோய் பிஷ்கெக் சந்தையில் ஒரு பழைய லென்ஸ் வாங்கினேன். என் முழங்கை அளவு நீளம், ஆட்டுக்குட்டி அளவு கனம். குதிரை போய்க் கண்ணாடி வந்ததென்று எங்கள் ஏரிக்கரை ஊரான டோங் முழுக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பறக்கும் கழுகின் கண்ணில் ஃபோகஸ் வைக்கிறவன் இந்த ஏரிக்கரையில் என்னைவிட்டால் வேறு யார்?

நான் படித்தது நாலாம் வகுப்பு. கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினேன். பண்ணை கலைந்ததும் கல்யாணங்களில் படம் எடுத்து இரண்டு மகள்களைக் கரையேற்றினேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கழுகு கிளம்பும் முன் முன்னே சாய்ந்து, வாலைத் தூக்கி எச்சம் பீச்சும். அந்த நொடியில் விரல் பொத்தானில் இருக்க வேண்டும். காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே காற்று என் முதுகில் அடித்தால் பறவை என் முகத்துக்கு வரும். நான் சொல்வது ஏதாவது புத்தகத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் மலையில் படுத்துக் கற்றேன்.

அந்த வருடம் பிஷ்கெக்கில் அச்சகம் நடத்தும் ஐனாஷ் என்ற பெண் காலண்டருக்குப் படம் கேட்டாள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பெரும்பறவைகள், எல்லாம் பறக்கும் நிலையில். மொத்தம் ஒரு லட்சம் சோம். தாடிக் கழுகு, பிணந்தின்னிக் கழுகு என்று பதினொன்றை ஒரே குளிர்காலத்தில் படம் எடுத்துத் தள்ளினேன். பன்னிரண்டாவதாக, அட்டைக்கும் சேர்த்து, பொன்கழுகு கேட்டாள். என்னிடம் இருந்ததிலேயே சிறந்ததை அனுப்பினேன். துருஸ்பெக் வளர்க்கும் பொன்கழுகு கராகோஸ், நரியின் மேல் பாயும் படம். அதைப் பார்த்தால் கல்லும் நடுங்கும்.

மறுநாளே போன் அடித்தது.

"ஐயா, இது காட்டுக் கழுகு இல்லையே. காலைப் பாருங்க, தோல்வார் தொங்குது."

"தொங்காம? வேட்டைக் கழுகும்மா அது! வார் கட்டுன கழுகுக்குத்தான் மதிப்பு."

"உங்க ஊர்ல மதிப்பா இருக்கலாம். என் காலண்டர் காட்டுப் பறவைக் காலண்டர். அட்டை இல்லன்னா காலண்டரே இல்லைய்யா. மே கடைசிக்குள்ள அனுப்புங்க."

எங்கள் ஆட்கள் யாரானாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். தோல்வார் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அது கழுகின் காலோடு பிறந்த மாதிரி.

இரண்டு வாரம் முகட்டில் படுத்தேன். காட்டுக் கழுகுகள் உயரத்தில் புள்ளியாகச் சுற்றின. வயிறு தெரிந்தது, முகம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் துருஸ்பெக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என் குதிரை நல்லா மேயுதா?" என்று லென்ஸைத் தடவிப் பார்த்தார்.

"கனைக்கக் கத்துக்கிட்டிருக்கு மச்சான்."

என் மனைவி சாய்ரா வெண்ணெயை நடுவில் தள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் ரொட்டியத் தின்னுங்க" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "கராகோஸை எப்ப விடப் போற?" என்று கேட்டாள்.

பதினோரு வருடம் வேட்டையாடிக் கொடுத்த பெட்டை. குஞ்சு பொரிக்க வேண்டிய வயது தாண்டுவதற்குள் மலைக்குத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு ஆட்டை அறுத்து வைத்து, வாரை அவிழ்த்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

"வியாழக்கிழமை" என்றார் துருஸ்பெக்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி அடக்கினார். "வேணாம் மாப்பிள்ளை, படம் எடுக்க வராத. பிரியிற எடத்துல என்ன வேடிக்கை? என் பணம் வராட்டியும் போகட்டும்."

"மச்சான், நீங்கதான் திரும்பிப் பாக்கக் கூடாது. நான் பாக்கலாம்ல? அவ எங்க போனான்னு நம்ம வீட்ல ஒருத்தருக்காவது தெரிய வேணாமா?"

அவர் தேநீர் ஆறும்வரை கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்று, "நீ எங்க படுத்திருக்கன்னு எனக்குத் தெரியக் கூடாது" என்றார்.

வியாழன் விடியும் முன்பே காற்று முதுகில் படும்படி ஒரு பாறை இடுக்கில் படுத்துவிட்டேன். அவர் வந்தார். ஆட்டை வைத்தார். கராகோஸின் கண்ணை மூடியிருந்த தலைத்தொப்பியைக் கழற்றி, கத்தியால் வார்களை அறுத்தார். அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து என்னவோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதமாட்டேன். பிறகு சரிவில் இறங்கிக் குதிரையை நோக்கி நடந்தார்.

அவள் எழும்பினாள். எழும்பி, ஒரு வட்டம் அடித்து, காற்றோடு அவர் பின்னாலேயே போனாள்! என் லென்ஸில் வால் மட்டும். குதிரைக்குப் பக்கத்துக் கல்லில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தாள், ஏன் இன்னும் நீட்டவில்லை என்பதுபோல.

துருஸ்பெக் திரும்பவில்லை. குதிரையின் பிடரியில் நெற்றியை வைத்துக்கொண்டு கத்தினார்.

"போடி! போயிடு! கறி அங்க வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா? பதினோரு வருஷம் போதலையா உனக்கு? போடி கழுதை!"

குதிரை மேல் ஏறி, பார்க்காமலே விரட்டிக்கொண்டு போனார். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். என் தோள் மரத்துவிட்டது. லென்ஸை இறக்கவில்லை. பிறகு காற்று வலுத்தது. அவள் முன்னே சாய்ந்தாள், வால் தூக்கினாள். என் விரல் பொத்தானில்.

சரிவோடு ஏறி, காற்றை எதிர்த்து, நேரே என்னைப் பார்த்து வந்தாள். இரண்டு இறக்கையும் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. என் கண் உயரத்தில் அவள் கண். கால்கள் பின்னால் மடங்கியிருந்தன, வெறுமையாக. இருபத்திரண்டு படம், இருபதில் ஃபோகஸ் ஊசிமுனை போலக் கூர்மை. இதை நான் சொல்லவில்லை, படம் சொல்லும்.

ஐனாஷ் போன் செய்தாள். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. வாரைக் கம்ப்யூட்டர்ல அழிச்சீங்களா?"

"அழிக்கலம்மா. வச்சிருந்தவரே அறுத்துட்டாரு." நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்ப இப்ப அவ காட்டுக் கழுகுதான்" என்றாள்.

அவள் அனுப்பிய பணத்தை வங்கியில் எடுத்துக்கொண்டு நேராகத் துருஸ்பெக் வீட்டுக்குப் போனேன். வேலியடியில் உட்கார்ந்திருந்தார். கழுகு உட்காரும் கையுறை இல்லாத வலது கையை நீட்டினார். ஆயிரம் சோம் நோட்டுகளாக எண்ணி வைக்கத் தொடங்கினேன். முப்பத்தாறில் அவர் குறுக்கிட்டார்.

"எந்தப் பக்கம் போனா?"

"மேல சுத்திட்டு வந்து கறி தின்னா மச்சான். வயிறு முட்டத் தின்னா. அப்புறம் தெற்க, பனிக் கணவாயைத் தாண்டி. மேல இன்னொண்ணு சுத்திக்கிட்டிருந்துச்சு. சின்னது, ஆண் மாதிரி தெரிஞ்சுது."

"ம்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எண்ணிக்கை தப்பிப்போச்சு. மொதல்லேருந்து எண்ணு."

முதலிலிருந்து எண்ணினேன். ஒவ்வொன்றாக, சத்தமாக, எண்பது வரை, அவர் உள்ளங்கையில்.