நம்பர் கேட்காத குழு

தண்டையார்பேட்டை இஷ்ரத்தை யாராவது அமைதியான பெண் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். டோல்கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு பாடம் எடுக்கிறவள். மீதி நேரத்தில் ‘மூக்கு’ என்ற செயலியை நடத்துகிறாள். எண்ணூர், எர்ணாவூர் வட்டாரத்தில் எங்கே நாற்றம் அடித்தாலும் அங்கிருப்பவர்கள் எழுதிப்போட, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். வெளியூர்க்காரர்கள்கூடக் காசு வாங்காமல் உழைக்கிறார்கள்.

எல்லார் போனிலும் இருக்கும் சாதாரண சாட் செயலியில்தான் முதலில் குழு வைத்திருந்தார்கள். எர்ணாவூர் ராமசெல்வி ஒருநாள், ‘கேஸ் நாத்தம், புள்ள வாந்தி எடுக்குது’ என்று அதில் எழுதினாள். எழுதியது, அந்த கேஸ் வரும் ஆலையிலேயே ஒப்பந்த வேலை பார்த்த கணவர் அய்யாத்துரையின் போனில். ஆலைக்குள் போன் கூடாது என்பதால் அங்கே பலர் அதை வீட்டில் விட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். பகலில் அது மனைவியின் போன். குழுவில் தெரிந்ததோ அவருடைய நம்பரும், ஹெல்மெட் போட்ட அவர் படமும். ஊர்க்காரர் என்று குழுவுக்குள் இருந்த, ஆலைக்கு ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டர் பார்த்துவிட்டார். மறுநாள் அய்யாத்துரையை ஆலை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். நாற வைத்தவனைக் கேட்க நாதியில்லை, மூக்கைப் பிடித்தவனுக்கு வேலை போயிற்று.

வேறு சாட் தேடி ஆன்லைனில் கூடினார்கள். பெங்களூரிலிருந்து மூக்குக்கு நிரல் எழுதும் ஒவைஸ் சொன்னான்: “ஒரு பெரிய கம்பெனி அவங்க சாட்டை நமக்கு இலவசமா தராங்க. போன் நம்பர் குடுத்தா போதும், உள்ள வந்துடலாம்.”

“நம்பர் இல்லாம வுடுவாங்களா?” என்றாள் இஷ்ரத்.

“அப்புறம் கண்டவனும் வந்து பொய் எழுதுவான், இஷ்ரத்.”

“எழுதட்டும். பொய்ய நான் குந்திகினு அழிக்கிறேன். போன வேலைய நீ வாங்கித் தர்றியா?”



வாடகை சர்வரில் அவளே ஓர் ஓப்பன் சோர்ஸ் சாட்டை நிறுவினாள். புனைபெயர் ஒன்று போதும். யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பதிவையும் நிறுத்திவிட்டாள். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. ஒவைஸோடு நாலைந்து பேர் கழன்றுகொண்டார்கள். ராமசெல்வியைக் கூப்பிட்டபோது, “வாணாம்க்கா, அவரு இன்னும் வேலை தேடிகினு கீறாரு” என்று வைத்துவிட்டாள். அன்று இஷ்ரத் சாப்பிடவில்லை.

ஆனால் புள்ளிகள் விழுந்தன. ‘கருவாடு’ என்ற பெயரில் யாரோ ஆலையின் எந்தப் பக்கம், எந்த நேரம் என்று விடாமல் எழுதினார்கள். ஒரு மத்தியானம் கான்ட்ராக்டரே போன் செய்தார். இஷ்ரத் ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரும்மா அந்தக் கருவாடு?”

“தெரியாது சார்.”

“கதை வுடாத. நீதான நடத்துற?”

“நான்தான் நடத்துறேன். எனுக்கே தெரியக் கூடாதுன்னுதான் இந்தச் சாட்டத் தேடி எடுத்தேன். என் நம்பர் மட்டும்தான் உங்களுக்குக் கெடைக்கும் சார். திட்டணும்னா இதுலயே கூப்டுங்க.”