வாரேன் என்று சொன்ன ஊர்

தொண்ணூறுகளில் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்தேன். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றுவேன். ஒரு சிற்றூரில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, வீட்டுக்கார அம்மாளிடம் "போயிட்டு வாரேன்" என்பதை அவர் மொழியில் அப்படியே சொல்லிவைத்தேன். அம்பாசமுத்திரத்துக்காரிக்கு வெறும் "போறேன்" வாயில் வருமா?

மறந்துவிட்ட குடைக்காக அடுத்த ஊரிலிருந்து சாயங்காலம் போன் செய்தேன்.

"குடை கிடக்கட்டும். உனக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டேன். எத்தனை மணிக்கு வருகிறாய்?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் வழக்கத்தை விளக்க என் அரைகுறை ஜெர்மன் போதவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

ஊர் திரும்பி, இதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏட்டி, வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்க. பொறவு போனியா, இல்லியா?"

போகவில்லை. குடை இன்னும் அங்கேதான் இருக்கும்.