கழுவிய பாட்டிலில் வாங்கிய பெட்ரோல்

அன்று காலை அப்பாவிடம் கார் சாவியை வாங்கும்போது, திருவண்ணாமலையில் எனக்கு வேலை கிடைத்திருப்பதை நான் சொல்லவில்லை. அங்கே வீடு பார்க்கத்தான் போகிறேன் என்பதையும் சொல்லவில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றேன். பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டம் வடிந்திருக்கும் என்று காரணமும் தயாராக வைத்திருந்தேன். என்ன வேலை என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

தாம்பரத்திலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினேன். திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் நான் போனில் பேசி வைத்திருந்த வீட்டுக்கார அம்மா பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்; அதற்கு முன் வீட்டில் இருக்க மாட்டாராம். மாடியில் ஓர் அறை, சமையலறை, மலை தெரியும் ஜன்னல். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை என்று அதற்கு முன் நான்கு வீடுகளில் சொல்லிவிட்டார்கள். இவர் மட்டும், "இன்னொரு பார்ட்டியும் கேட்டிருக்காங்க. யார் மொதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு" என்றார்.

ஒன்பதே முக்காலுக்கே ஊருக்குள் வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அப்பாவிடம் சொன்னதைக் கொஞ்சமாவது உண்மையாக்கலாம் என்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்கு ஓட்டினேன். கோயிலில் பத்து நிமிடம் நின்றேன். சாமியைவிடக் கைப்பேசியில் மணியைத்தான் அதிகம் பார்த்தேன்.

செஞ்சி தாண்டியதிலிருந்தே பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரில் நான் நிறுத்திய பங்கில் முந்தின இரவுக் கூட்டம் எல்லாவற்றையும் காலி செய்திருந்தது. மதியம்தான் லாரி வருமாம். அடி அண்ணாமலையில் ஒரு பெட்டிக்கடை வாசலில், தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோல் வரிசையாக நின்றது. கிரிவலம் வந்தவர்கள் வீசிவிட்டுப் போன பாட்டில்கள். லிட்டர் நூற்று இருபது ரூபாய். மூன்று வாங்கினேன். கடை நடத்தும் அம்சா அக்காவே புனல் வைத்து ஊற்றினார்.

"எல்லாம் காலைல கழுவின பாட்டிலுங்க. தைரியமா ஊத்திக்கலாம்" என்றார்.

அரை கிலோமீட்டர் போயிருப்பேன். வண்டி இரண்டு முறை குலுங்கி, இழுத்து, நின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப இருமியதே தவிர, கிளம்பவில்லை. மணி பத்தேமுக்கால். கடைக்குத் திரும்பி நடந்தேன். அம்சா அக்கா, பக்கத்துத் தெருவில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் சேகரைப் போனில் கூப்பிட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டு என்னோடு வந்துவிட்டார்.

சேகர் பானெட்டைத் திறந்து, "பேட்டரிதாங்க" என்றார். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்த்தார். பலன் இல்லை. "ஏங்க, நிமிஷத்துக்கு ஒருவாட்டி மணி பாக்கறீங்க?" என்று கேட்டார். வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாதமாக அப்பாவிடம் சொல்ல முடியாதது, முன்பின் தெரியாத ஒருவரிடம் மிகச் சாதாரணமாக வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு இன்ஜின் பக்கம் பிடித்தேன்; சேகர் சாவியைத் திருப்பினார்.

"தண்ணி கலந்திருக்கு" என்றார் அப்பா. "எங்கம்மா போட்ட?"

"வழியிலப்பா."

"பாட்டில் பெட்ரோல் சார்" என்றார் சேகர். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலில் பிடித்தார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல் நின்றது; அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர்.

"யக்கா, கழுவறதெல்லாம் சரி. காய வெக்க மாட்டியா?"

"அவசரத்துல ஊத்திட்டேன்டா. எச்சி பண்ண பாட்டில்ல அப்டியே எப்டி குடுக்கறது?"

"பெட்ரோல யாருக்கா வாய் வெச்சுக் குடிக்கப் போறாங்க?"

அப்பா அந்தப் பக்கம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நிமிடம் எல்லாமே சரியாகிவிடும் போலிருந்தது.

"டேங்க் எறக்கணும் சார், ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார் சேகர். "மேடம் பன்னெண்டுக்குள்ள வேங்கிக்கால்ல வீடு புடிக்கணும்னாங்க. ஆட்டோல அனுப்பிடட்டுமா?"

அப்பா கேட்டார்: "யாருக்கு வீடு?"

சேகர் என்னைப் பார்த்தார். "அவங்களுக்குத்தான் சார். வேலை கெடச்சிருக்காமே."

"வண்டிய நல்லாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா துண்டித்தார்.

உடனே ஆட்டோ ஏறியிருக்கலாம். ஏறவில்லை. திரும்ப அழைப்பார் என்று கைப்பேசியைப் பிடித்தபடி சாலையோரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். "நடந்தா வண்டி சீக்கிரம் ரெடியாவாதுங்க, உக்காருங்க" என்றார் அம்சா அக்கா. பன்னிரண்டரைக்கு ஒரு அழைப்பு வந்தது. வீட்டுக்கார அம்மா. அந்த இன்னொரு பார்ட்டி, புருஷன் பெண்டாட்டி, வந்து முன்பணம் கொடுத்துவிட்டார்களாம்.

வண்டி கிளம்பியபோது மணி இரண்டு. கூலியும் ஃபில்டரும் சேர்த்து ஆயிரத்து நூறு. பெட்ரோலுக்குக் கொடுத்த பணத்தை அம்சா அக்கா திருப்பி நீட்டினார், நான் வாங்கவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பௌர்ணமியை ஒட்டி வந்தால் திண்டிவனத்திலோ செஞ்சியிலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பாட்டிலில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பாருங்கள். தண்ணீர் கனமானது, கீழே தங்கும். போட்டவுடன் வண்டி குலுங்கினால் என்னைப் போல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள்; தண்ணீர் இன்னும் உள்ளே போகும். இவையெல்லாம் அன்றைக்கே கற்றுக்கொள்ள முடிந்தது. வீட்டில் ஒரு விஷயத்தை எப்போது சொல்ல வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்பே சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பாரா என்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் வேங்கிக்காலிலேயே வேறொரு மாடி வீடு கிடைத்தது. ஒப்பந்தத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அப்பா வந்தார். காரில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். மாடி ஏறவில்லை.